சுவிட்ச் இருந்த சுவர்

வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்று போன் வந்தபோது நர்ஸம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மீதியையும் நறுக்கி முடித்துவிட்டுத்தான் மகளிடம் விஷயத்தைச் சொன்னாள். முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கெட்ட செய்தி வந்தால் கை அதுபாட்டுக்கு வேலை செய்யும். மனசு தூரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அவளும் கணவரும் கட்டிய வீடு அது. அவர் இறந்த பிறகு அவள் மகளோடு வந்துவிட்டாள். மூன்று வருஷமாக அங்கே ஒரு தையல்காரியும் அவள் புருஷனும் வாடகைக்கு இருந்தார்கள். முன்னறையில் மெஷின் போட்டிருந்தாள். மின்கசிவில் அந்த அறை மட்டும் எரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. கணவர் எடுத்தது. வருஷா வருஷம் புதுப்பிக்கும் தாளில் ‘வசிப்பவர்: உரிமையாளர்’ என்று அச்சாகி வரும். வாடகைக்கு விட்டுவிட்டால் அதை மாற்ற வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். “அடுத்த வருஷம் பாத்துக்கலாம் தம்பி” என்றாள். மூன்று வருஷமும் அதையேதான் சொன்னாள். மூன்று வருஷமும் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

சேதத்தைப் பார்க்க சர்வேயர் வருகிற அன்று, மருமகன் அவளையும் தையல்காரியையும் கரி படிந்த வாசலிலேயே நிறுத்தினான்.

“அத்தை, கேட்டா இங்கதான் இருக்கேன்னு சொல்லிடுங்க. இவங்க உங்க தங்கச்சி பொண்ணு, துணைக்கு இருக்காங்க. அவ்வளவுதான்.”

“எனக்கென்ன, நான் ரெடி” என்றாள் தையல்காரி. “நேத்து வரைக்கும் ஹவுஸ் ஓனர், இன்னிக்கிப் பெரியம்மா. வாடகை ஏத்தாத பெரியம்மாவ யாரு வேண்டாம்பாங்க?”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

சர்வேயர் ஒல்லியான மனிதர். உருகிப்போன மெஷினையும் வெடித்த கூரையையும் போட்டோ எடுத்தார். பிறகு அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு கேட்டார்.

“வீட்ல யாரும்மா குடியிருக்கா?”

“நான்தான்.”

“எந்த ரூம்ல படுக்கறீங்க?”

“உள் ரூம்ல.”

“அந்தப் பக்கம் கரண்ட் வந்துடுச்சின்னாங்களே. லைட்டப் போடுங்க, அதையும் பாத்துடறேன்.”

நர்ஸம்மா உள்ளறை வாசற்படியில் நின்றபடியே வலது கையை உள்ளே நீட்டிச் சுவரைத் தொட்டாள். வழவழவென்று பெயின்ட் மட்டும் இருந்தது. கொஞ்சம் மேலே தடவினாள், கொஞ்சம் கீழே. தையல்காரி பழக்கதோஷத்தில் இடது பக்கம் கையை விட்டு லைட்டைப் போட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். போன வருஷம்தான் சுவிட்சை வலது சுவரிலிருந்து மாற்றி வைத்திருந்தார்கள்.

சர்வேயரின் பேனா நின்றது. கட்டில் இருந்த இடத்தில் இஸ்திரி மேஜை. கொடியில் யாரோ ஒரு ஆணின் சட்டைகள். தன்னுடையது என்று ஒரு சீப்புகூட அங்கே இல்லை என்பதை நர்ஸம்மா பார்த்தாள். தான் அளந்து பார்க்காத காய்ச்சலை அவள் எந்த டாக்டர் சொல்லியும் சார்ட்டில் எழுதியதில்லை.

“எழுதினத அடிச்சிடுங்க. நான் இங்க இல்ல. மூணு வருஷமாச்சு. இவங்க வாடகைக்கு இருக்காங்க.”

“அத்தை!” என்றான் மருமகன்.

“வீட்டுக்காரங்களே குடியிருந்தா ஒரு பாலிசி” என்றார் சர்வேயர், யாரையும் பார்க்காமல். “வாடகைக்கு விட்டா வேற. அதுல, தீப்பிடிச்சு வாடகை நின்னுபோனா அதுக்கும் சேத்து எடுத்துக்கலாம். உள்ளதத்தான் எழுதுவேன். மறைச்சதா நெனச்சா ஆபீஸ்ல பணம் கெடையாதுன்னுடுவாங்க.”

“என் மெஷினுங்க? கஸ்டமர் துணியெல்லாம்?” என்றாள் தையல்காரி.

“வீட்டுக்காரங்க பாலிசி எதுவா இருந்தாலும் உங்க சாமான் அதுல வராதும்மா. குடியிருக்கறவங்க தனியா எடுக்கணும்.”

“அப்போ நான் சும்மாவேதான் பெரியம்மான்னு கூப்பிட இருந்தேனா?”

ஒரு மாதத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. வசிப்பவரை மறைத்ததால் பணம் இல்லை என்றுதான். நர்ஸம்மா அதை மகளிடம் சத்தம் போட்டு வாசித்துக் காட்டிவிட்டு, மடித்து, பாலிசியோடு வைத்தாள். கூரைக்கு அவள் சேமிப்பு போனது. மருமகன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வெள்ளையடித்த முன்னறைக்கு ஏஜென்ட் இரண்டு புதுப் பாலிசிப் படிவங்களோடு வந்தான். தையல்காரி தன் சாமான்களைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான்: புதிதாகத் தவணையில் எடுத்த மெஷின், இஸ்திரிப் பெட்டி, இரண்டு கத்தரிக்கோல்.

“ரெண்டாவது கத்தரிக்கோல் மொக்க. அதையும் எழுது” என்றாள்.

நர்ஸம்மா தன்னுடையதை அவளே நிரப்பினாள். ‘வசிப்பவர்: வாடகைதாரர்’. அடுத்த வரி, ‘உரிமையாளர் வசிக்கும் முகவரி’. தெருப் பெயரை எழுதிவிட்டு நிறுத்தினாள். மகளுக்குப் போன் போட்டாள்.

“வீட்டு நம்பர் என்னடி?”

“எந்த வீட்டுக்கு?” மிக்சி சத்தத்துக்கு நடுவில் மகள் கத்தினாள்.

“நான் இருக்கற வீட்டுக்கு.”

“இதுகூடத் தெரியாதாம்மா? பதினேழு பை ரெண்டு. வர்றப்போ பால் பாக்கெட் வாங்கிட்டு வா.”

எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.