முள்ளைப் பார்த்திருந்த புஸ்பம்

பனிச்சங்கேணியில் ஒரு கரண்ட் கம்பம்கூட நிற்காத காலத்திலும் நல்லரத்தினத்துக்குக் 'கரண்டர்' என்றுதான் பெயர். சவூதியில் ஒன்பது வருஷம், பாலைவனத்தில் குழாய் போடுகிறவர்களின் முகாமில் அவனுக்கு வேலை. அங்கே ஆட்கள் படுப்பது சில்லுப் பூட்டிய தகர வீடுகளில். அதைக் கரவன் என்பார்கள். லொறியின் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போய், குழாய் எதுவரை போயிருக்கிறதோ அங்கே நிறுத்திவிடுவார்கள். அந்தக் கரவன்களுக்கு வயர் இழுத்ததும் பட்டரி கட்டியதும் அவன்தான். சமாதானம் பேசத் தொடங்கிய வருஷம் ஊருக்கு வந்தவன், மனைவி புஸ்பத்தை விட்டு மறுபடி போக மனமில்லாமல் நின்றுவிட்டான்.

அடுத்த இரண்டு வருஷத்தில் கடல் வந்தது. வீடு போனது. புஸ்பத்தைக் கண்டற் பற்றைக்குள்ளிருந்து இழுத்தெடுத்தபோது மூக்கிலும் வாயிலும் சேறு. பிழைத்துக்கொண்டாள், ஆனால் அன்று தொடங்கியது முட்டு. பனி விழுந்தாலும் அடுப்புப் புகை பட்டாலும் நெஞ்சு விசிலடிக்கும். கட்டிலில் சாய முடியாமல், முழங்காலில் கையூன்றிக் குந்தியிருந்து மூச்சை ஒவ்வொன்றாக இழுத்தெடுப்பாள்.

கடலுக்குப் பிறகு வந்த வெள்ளைக்காரத் தொண்டர்கள் பள்ளிக்கூட வளவில் ஒரு கரவனைக் கொண்டுவந்து நிறுத்தி அதிலே மருந்து கொடுத்தார்கள். முட்டுக்காரருக்கு அவர்களிடம் ஒரு மெசின் இருந்தது. மூக்கையும் வாயையும் மூடி ஒரு கோப்பையை வைத்து ஆளியைப் போட்டால் மருந்து ஆவியாகி வரும். கால் மணித்தியாலத்தில் நெஞ்சு இளகிவிடும். புஸ்பம் முதல்தரம் அதைப் பிடித்துவிட்டு வெளியே வந்து, "இஞ்ச பாருங்க, காத்து இவ்வளவு லேசா இரிக்குமெண்டு மறந்தே போயிருந்தன்" என்று சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

இரண்டாயிரத்து ஆறு சித்திரையில் சண்டை மறுபடி வெடிக்கத் தொடங்கியதும் வெள்ளைக்காரர் போய்விட்டார்கள். ஜீப்பையும் ஜெனரேட்டரையும் கொண்டுபோனார்கள். கரவனும் மெசினும் மருந்துப் பெட்டிகளும் மிச்சம். பார்த்துக்கொள்ள, ஊரார் மிஸ்ஸி என்று கூப்பிடும் மருத்துவிச்சி பாலசுந்தரி ஒருத்திதான். கரவனின் கூரையில் ஒரு சின்னச் சோலார் தட்டும், கட்டிலுக்கடியில் ஒரு சின்னப் பட்டரியும் இருந்தன. இரண்டு பல்ப் எரியும், அவ்வளவுதான். மெசினுக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும்.

"மெசின் இரிக்கு, மருந்து இரிக்கு. ஊதுறதுக்கு உசிர் இல்ல" என்றாள் பாலசுந்தரி. "என்னெண்டாலும் செய்யேலுமா அண்ணன்?"

நல்லரத்தினம் கரவனுக்குக் கீழே படுத்துப் பார்த்தான். மேலே ஏறிப் பார்த்தான். அன்றைக்குச் சோறு தின்னவும் வரவில்லை.

வாகரைச் சந்தியில் மூடிக்கிடந்த தொலைபேசிக் கடையில் ஒரு பெரிய யூபிஎஸ் தூசி பிடித்துக் கிடந்தது. கரண்ட் நின்றால் கொம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிற பெட்டி. உள்ளே இருந்த பட்டரி செத்துவிட்டது, பெட்டி சாகவில்லை. வெளியே இரண்டு பெரிய பட்டரியைக் கட்டினால், பட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக்குகிற இன்வேட்டர் அதுவே. கடைக்காரன் தூக்கிக்கொண்டு போ என்றுவிட்டான். பத்து நிமிஷத்துக்கென்று செய்த பெட்டி கால் மணித்தியாலம் ஓடினால் சூடேறும் என்பதால், அதன் மூடியைக் கழற்றிப் பழைய கார் காற்றாடி ஒன்றைப் பூட்டினான். சோலார் தட்டு ஊரிலே நாலைந்து வீட்டில் இருந்தது. ரேடியோவுக்கும் விளக்குக்கும் வைத்திருந்தவர்கள். ஒவ்வொரு முற்றமாகப் போய் நின்று கேட்டான். கந்தப்போடி என்ற ட்ரக்டர்க்காரர், தன் கூரையில் இருந்ததைத் தானே கழற்றித் தோளில் சுமந்துவந்து, "எனக்கு என்னத்துக்குடா வெளிச்சம், ஆரைப் பார்க்க?" என்று இறக்கி வைத்தார்.

பட்டரிதான் இல்லை. பாதையில் இருந்த இராணுவச் சோதனைச் சாவடி சீனியையும் மாவையும் விடும், பட்டரியை விடாது.

ஓட்டமாவடியில் லொறிப் பாகங்கள் விற்கிற முனாப், சவூதியில் இவனோடு ஒரே கரவனில் படுத்தவன். நல்லரத்தினம் பஸ் ஏறிப்போய்க் கேட்டான். முனாப் தேத்தண்ணியை ஆற்றியபடி யோசித்தான்.

"மச்சான், சாவடியில ஆமிக்காரன் பட்டரியக் கண்டா கண்ணிவெடிக்கெண்டு சொல்லுவான். உங்கட பக்கத்துல இயக்கக்காரன் கண்டா எங்களுக்குத் தாங்க எண்டு கேப்பான். ரெண்டு பேருக்கும் நடுவுல உண்ட பொஞ்சாதிர முட்டு."

"அவளுக்கு மட்டுமில்ல முனாப். சின்னப் புள்ளையள் இரிக்கு."

"அவக்கு மட்டுமெண்டாலும் செய்வன்டா" என்றான் முனாப்.

மூன்றாம் நாள் முனாப்பின் லொறி வெங்காயம் ஏற்றிக்கொண்டு சாவடியில் வந்து நின்றது. வெங்காய மூட்டை ஒவ்வொன்றையும் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். சீற்றைக் கழற்றினார்கள். லொறி ஓடுவதற்கே இரண்டு பட்டரி வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. பக்கப் பெட்டிக்குள் புதிதாக இரண்டு, மேலே சேறு பூசியபடி இருந்தன. பனிச்சங்கேணியில் அதைக் கழற்றிவிட்டு, ஓடி ஓய்ந்த இரண்டு பட்டரியை உள்ளே வைத்தார்கள். பன்னிரண்டு பேர் தள்ளி லொறியை ஸ்டார்ட் பண்ணினார்கள். "வீடுமட்டும் நிப்பாட்டக் கூடா, நிண்டா மௌத்துத்தான்" என்று கத்திக்கொண்டே முனாப் கிளம்பினான். சாவடியில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லாமல் இருக்கவேண்டுமே என்று நல்லரத்தினம் பாதையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான். முனாப் போய்ச் சேர்ந்த செய்தி மறுநாள்தான் வந்தது.

இரண்டு பட்டரியையும் ஒன்றோடொன்று தொடுத்து இருபத்துநான்கு வோல்ட் ஆக்கினான். சேர்ந்த நாலு சோலார் தட்டையும் தெற்குப் பார்க்கச் சாய்த்துப் பூட்டினான். ஒன்று மட்டும் குறை. பட்டரி நிறைந்ததும் தானாக வெட்டிவிடுகிற பெட்டி கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு முள் மீற்றரையும் ஒரு கத்தி ஆளியையும் சுவரில் அறைந்தான். முள் இருபத்தெட்டைத் தொட்டால் ஆளியை இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பட்டரி கொதித்துச் சாகும். இருபத்திரண்டுக்குக் கீழே இறங்கினால் மெசின் போடக்கூடாது.

"ஆர் இதப் பார்த்திட்டிருக்கிறது?" என்று கேட்டாள் பாலசுந்தரி.

"நான் இரிக்கன்" என்றாள் புஸ்பம். "எனக்கு வேற என்ன வேலை? அடுப்படிக்கும் போகேலா."

அன்றிலிருந்து காலை ஏழு மணிக்குக் கதிரையைப் போட்டுக்கொண்டு அந்த மீற்றருக்கு முன்னால் இருந்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் அப்படி நிமிர்ந்து இருந்ததை நல்லரத்தினம் கண்டதில்லை. மேகம் ஒன்று கடந்தால் முள் எவ்வளவு இறங்கும், ஒரு பிள்ளை ஆவி பிடித்தால் எவ்வளவு, பெரியவர் பிடித்தால் எவ்வளவு என்பதெல்லாம் அவளுக்குக் கண்பாடம். ஒரு கொப்பியில் எழுதவும் இல்லை. பட்டரியைப் பூட்டியவன் அவன், ஆனால் பட்டரியின் குணம் அவளுக்குத்தான் தெரிந்தது.

ஆவணியில் மூதூர்ப் பக்கத்திலிருந்து சனம் ஓடிவந்தது. பள்ளிக்கூடம், மரநிழல், வீதிக்கரை எல்லாம் தறப்பாள் கூடாரம். ஆயிரக்கணக்கில் அடுப்புப் புகை. பிள்ளைகளுக்கு முட்டு. கரவன் வாசலில் காலையில் பத்துப் பேர், பின்னேரம் பத்துப் பேர். வெயில் இருந்தது, முள் தாங்கியது. அந்த மாதங்களில் நல்லரத்தினம் ஊருக்குள் நடந்தால் முன்பின் தெரியாத தாய்மார் எழும்பி நின்றார்கள். அது அவனுக்கு இனித்தது. அதை அவன் பிறகு மறைக்கவும் இல்லை.

அந்த இனிப்பில்தான் டீவி வந்தது. யாரோ ஒருவர் சுமந்துவந்த சின்ன டீவியைக் கரவன் வாசலில் வைத்து, ஒரு தடியில் அன்ரனா கட்டி, பொழுதுபடச் செய்தி போட்டுக் காட்டினான். பாதை எப்போது திறக்கும் என்று கேட்கச் சனம் கூடியது. கார்த்திகை பிறந்து மழை இறங்கியபிறகும் போட்டான்.

"நாளைக்கும் வானம் இப்பிடித்தான் இரிக்கும்" என்றாள் புஸ்பம். "முள் ஏறல்ல. டீவியப் போடாதீங்க."

"அரை மணித்தியாலம் புள்ள. சனம் பாவம்."

"சனம் பாவந்தான்" என்றாள் அவள்.

மார்கழி பிறக்குமுன் ஐந்து நாள் விடாத மழை. களப்பு பெருகிப் பள்ளிக்கூட வேலியைத் தொட்டது. அன்றைக்குக் காலையில் நிவாரண அரிசிக்கு வரிசை என்று நல்லரத்தினம் போனான். போகும்போது புஸ்பம் ஒரு சீலையைத் தோளில் சுற்றிக்கொண்டு மீற்றருக்கு முன்னால் இருந்தாள். "கவனமாப் போயிற்று வாங்க" என்றாள். குரல் கொஞ்சம் அடைத்திருந்தது. மழைக்குளிர் என்று நினைத்தான்.

அவன் இல்லாத நேரத்தில் நடந்ததைப் பாலசுந்தரி பிறகு சொன்னாள். ஈச்சிலம்பற்றையிலிருந்து வந்த ஒரு தாய் நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளையின் உதடு நீலம். பாலசுந்தரி மீற்றரைப் பார்க்கச் சொன்னாள். "ஒரு ஆளுக்குக் காணும் மிஸ்ஸி, போடுங்க" என்றாள் புஸ்பம். பிள்ளை ஆவி பிடித்துத் தெளிந்து தாயின் மடியிலேயே நித்திரையானது. பாலசுந்தரி திரும்பிப் பார்த்தபோது புஸ்பம் முழங்காலில் கையூன்றியபடி இருந்தாள். எப்ப தொடக்கம் அக்கா என்று கேட்டதற்கு, விடியத் தொடக்கம் என்று விரலால் சாடை காட்டினாள்.

மூன்று மணிக்கு நனைந்த அரிசிச் சாக்கோடு நல்லரத்தினம் வந்தபோது அவள் வாயில் கோப்பை இருந்தது. மெசின் இரைந்தது. யூபிஎஸ் பீப், பீப் என்று அடிக்கத் தொடங்கியது. முள் இருபத்தொன்றுக்கும் கீழே. அவன் சாக்கைப் போட்டுவிட்டுக் கிட்டப் போவதற்குள் எல்லாம் நின்றது. தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது.

புஸ்பம் அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் அவனைப் பிறகு தின்றது.

கந்தப்போடியின் ட்ரக்டரில் பட்டரி இருந்தது. தண்ணீருக்குள்ளால் ஓடினான். நட்டுத் துருப்பிடித்திருந்தது, கையால் திருகக் கை கிழிந்தது. கந்தப்போடி சுத்தியலால் அடித்து உடைத்துக் கொடுத்தார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, கரவனின் பழைய சின்னப் பட்டரியோடு தொடுத்து, வயரைப் பல்லால் உரித்துக் கட்டினான். யூபிஎஸ் உயிர்த்தது. மெசின் இரைந்தது. கோப்பையிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பியது.

"ஓடுது! மிஸ்ஸி, ஓடுது!"

பாலசுந்தரி புஸ்பத்தின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். ஆவி புஸ்பத்தின் முகத்தில் பட்டுக் கலைந்துகொண்டிருந்தது.

"அண்ணன்" என்றாள் மெதுவாக. "நிப்பாட்டுங்க."

அன்று பொழுதுபடுமுன் களப்புக்கரை மேட்டில் அடக்கம் பண்ணினார்கள். ஈச்சிலம்பற்றைத் தாய் அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றாள், கிட்ட வரவில்லை. நல்லரத்தினம் அவளைக் குறைசொல்ல நினைத்ததே இல்லை. அவன் மனம் கணக்குப் பார்த்ததெல்லாம் டீவியைத்தான். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், எத்தனை நாள், எத்தனை மூச்சு.

அடுத்த பத்து நாளும் அவனே அந்தக் கதிரையில் இருந்து முள்ளைப் பார்த்தான். டீவியைத் தூக்கிக் களப்புக்குள் போட்டுவிட்டான் என்று சிலர் சொன்னார்கள், அவன் கேட்டும் மறுக்கவில்லை. பிறகு ஷெல் கிட்ட விழத் தொடங்கி, சனம் தண்ணீருக்குள்ளாலும் காட்டுக்குள்ளாலும் வெளியேறியது. "பட்டரிய எண்டாலும் கழட்டிக் கொண்டுவாடா" என்றார் கந்தப்போடி. பாலசுந்தரியும் நடக்க ஏலாத சில குடும்பங்களும் இன்னும் நின்றார்கள். அவன் ஒரு நட்டையும் தொடவில்லை. எந்த அளவில் ஆளியை இழுக்க வேண்டும் என்று சுவரில் கரியால் எழுதிவிட்டு, வெறுங்கையோடு தோணியில் ஏறினான்.

அகதி முகாமில் அவனைத் தேடிப் பிடித்தது முனாப். மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்த் தன் கடைக்குப் பின்னறையில் படுக்க இடம் கொடுத்தான். முனாப்பின் தாய் ஆயிஷா உம்மா ஒவ்வொரு நேரமும் சோறு போட்டு மூடி அனுப்புவாள், தட்டு திரும்பி வந்தால் எவ்வளவு மிச்சம் என்று திறந்து பார்ப்பாள். ஒரு மாதத்துக்குப் பிறகுதான் அவன் முனாப்பிடம் வாய்திறந்தான்.

"டீவி போட்டிராட்டி அவளுக்குக் காணுமா இரிந்திருக்கும்."

இல்லை என்று சொல்ல முனாப்புக்கு மனம் வந்தது. ஆனால் அவனும் பட்டரி தெரிந்தவன். "இரிந்திருக்கும், இல்லாமலும் போயிருக்கும்" என்றான். "நான் மூணு பட்டரி கொண்டந்திருக்கணும் மச்சான். லொறியில இடம் இல்ல." அன்று இரண்டு பேரும் கடை திறக்கவில்லை.

அடுத்த வருஷம் ஊருக்குப் போகவிட்டார்கள். நல்லரத்தினம் காலை பஸ்ஸில் தனியாகப் போனான். பள்ளிக்கூட வளவில் கரவன் இல்லை. யார் இழுத்துக்கொண்டு போனார்கள், எரிந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. அவனும் அதிகம் விசாரிக்கவில்லை. மேட்டுக்குப் போனான். புஸ்பத்தின் தலைமாட்டில் அவன் நட்ட கட்டையைக் காணவில்லை. வெள்ளம் மணலை அரித்து மேட்டின் உருவத்தையே மாற்றியிருந்தது. திரும்பி வந்திருந்த கந்தப்போடியைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டான். அவர் பனைக்கு அருகே ஓரிடத்தைக் காட்டினார். அன்று குழி வெட்டியவர்களில் ஒருவரைக் கேட்டபோது, இல்லை, இங்கால என்று பத்தடி தள்ளிக் காட்டினார். இரண்டு பேரும் நிச்சயமாகச் சொன்னார்கள்.

அவன் சண்டை பிடிக்கவில்லை. கொண்டுவந்த பூவை இரண்டாகப் பிரித்தான். இரண்டு இடத்திலும் வைத்தான். இரண்டு இடத்திலும் கற்பூரம் கொளுத்தி, காற்று அணைத்துவிடாதபடி கையால் மறைத்துக்கொண்டு, எரிந்து முடியுமட்டும் குந்தியிருந்தான்.