விரிசல் எடுக்க இந்தக் கேமரா போதுமா

1. ஜூன் 12

2024 ஜூன் 12, புதன்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்ப இருபது நிமிடம். இரண்டு கேமரா பேட்டரிகளையும் சார்ஜரிலிருந்து எடுத்தேன். மெமரி கார்டை ஃபார்மட் செய்தேன். மதியத்துக்கு எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. எட்டேகாலுக்கு மேற்குத் தாம்பரத்தில் கிளம்பி, பஸ் மாறி, ஒன்பதரைக்குக் கோவிலம்பாக்கம்.

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இப்படித் தொடங்குகிறது. கடைசி வரி: "வீடு மூன்று. படங்கள் அறுபத்து நான்கு. குறை ஒன்றுமில்லை." அந்த வரியின் கடைசிப் பகுதி தவறு என்று தெரிய நான்கு மாதம் ஆனது.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். காலி மனையில் பள்ளம் தோண்டி அடுக்குமாடி கட்டும் முன், பக்கத்து வீடுகளின் சுவர், தரை, கூரை எல்லாவற்றையும் படம் எடுத்து ஆல்பமாக்கி வைப்போம். இதற்குக் கண்டிஷன் சர்வே என்று பெயர். வீட்டுக்காரரும் பில்டரும் அதில் கையெழுத்துப் போடுவார்கள். பின்னால் ஒரு விரிசல் தெரிந்தால், அது முன்பே இருந்ததா, அஸ்திவாரத் தூண்களை மண்ணில் இறக்கும் பைலிங் அதிர்வில் வந்ததா என்பதை அந்த ஆல்பம்தான் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இன்ஜினியர் சுந்தரம் சார், ஒரு டிராஃப்ட்ஸ்மேன், நான் என மூன்றே பேர். படுக்கையறை வரை நுழைய வேண்டிய வேலை, ஒரு பெண் போனால் வீட்டார் கூச்சப்பட மாட்டார்கள் என்று, டைப்பிங்கில் இருந்த என்னைச் சார் கேமராவுக்கு மாற்றினார். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது.

2. கேமரா

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர். போதுமா, பெரிதாக வாங்க வேண்டுமா? ஆறு வருடமாக ஒரே ஆரம்பநிலைக் கேமராவும் அதோடு வந்த கிட் லென்ஸும்தான் என்னிடம். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

போன் ஏன் கூடாது என்பது முதலில். போன் எல்லாவற்றையும் அழகாக்கிவிடும். முகத்தை மெழுகுவது போலவே சுவரையும் மெழுகும். மயிரிழை விரிசல் அதில் காணாமல் போகும். இந்தக் கேமராவில், பதிந்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைல் எதையும் மெழுகாது. ஒரு மீட்டர் அகலச் சுவரை எடுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஆறு புள்ளி கிடைக்கும். கால் மில்லிமீட்டர் விரிசலையும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்க்கலாம். எடை குறைவு, நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கினாலும் வலிக்காது. ஒரு பேட்டரி இரண்டு நாள் வரும். சின்ன அறையில் முதுகு பீரோவில் இடிக்க நின்றாலும் கிட் லென்ஸில் முழுச் சுவரும் அடங்கும்.

குறைகளும் உண்டு. வெறும் வெள்ளைச் சுவரில் ஃபோகஸ் பிடிக்காது. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். சுவரில் ஒட்டும் ஸ்டீல் ஸ்கேலின் கோடுகளில் ஃபோகஸ் வைத்தால் நின்றுவிடும். கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் முழுப் படத்தையும் காட்டாது. ஓரத்தில் யாருடைய முழங்கையோ வந்திருப்பது பிறகுதான் தெரியும். வெளிச்சம் குறைந்தால் படத்தில் மணல் தூவியது போல் புள்ளி விழும். தூசி உள்ளே போகும்.

ஆட்டோவில் வைத்தால், இருட்டான அறையில் தலைக்கு மேலிருக்கும் ஃபிளாஷ் தானாகவே எழுந்துகொள்ளும். இதையும் ஒரு வசதி என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

3. படம் 37

அன்றைய மூன்றாவது வீடு தனலட்சுமி அம்மாவுடையது. அறுபது வயதிருக்கும். ஊரின் பழைய குடும்பம். ஒரு காலத்தில் அங்கே நெல் விளைத்தவர்கள், இப்போது தெருமுனையில் இரண்டு கடை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். படம் எடுக்க வருகிறோம் என்று தெரிந்ததும் பட்டுப்புடவை கட்டித் தலையில் பூ வைத்துத் தயாராக நின்றார். சுவரை மட்டும்தான் எடுப்பேன் என்று சொன்னதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா, வெறும் செவுத்த எடுத்து இன்னா பண்ணப் போற? நான் ஓரமா நின்னுக்கறேன், சேத்து எடு."

அவரைச் சமாதானப்படுத்தி நகர்த்த ஐந்து நிமிடம் ஆனது. கோபமில்லை, மோர் கொடுத்தார்.

ஹாலில், மனைப் பக்கத்துச் சுவர். அந்தப் பக்க ஜன்னலைத் தூசிக்குப் பயந்து மூடியிருந்தார்கள். அறை மங்கலாக இருந்தது. கேமரா ஆட்டோவில் இருந்ததால் ஃபிளாஷ் எழுந்தது. எடுத்தேன். சுவர் பளிச்சென்று வந்தது. நடுவில் வெள்ளையாக ஒரு கிளேர் மட்டும் இருந்தது. அது உறுத்தியதால், ஃபிளாஷை அணைத்து, டி.வி. ஸ்டாண்டில் முழங்கையை ஊன்றி இன்னொரு படம் எடுத்தேன். இடப்பக்கத் தெருக்கதவின் வெளிச்சத்தில் மட்டும் எடுத்ததால் அது இருண்டு, புள்ளி புள்ளியாக வந்தது.

முதலாவது 37, இரண்டாவது 38. ஆல்பத்துக்கு அழகாக இருந்த 37-ஐ வைத்தேன். கீழே "விரிசல் இல்லை" என்று எழுதினேன். இரு தரப்பும் கையெழுத்திட்டார்கள். 38-ஐப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை.

4. அக்டோபர் 21

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அலுவலகத்துக்குப் போன் வந்தது. பைலிங் முடிந்து, பள்ளம் தோண்டி, ஒரு மழையும் பெய்திருந்தது. தனலட்சுமி அம்மாவின் ஹால் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக ஒரு விரிசல். நாணயத்தின் விளிம்பு உள்ளே போகிற அகலம்.

நானும் சுந்தரம் சாரும் போனோம். பில்டரின் சைட் இன்ஜினியர் பிரபு முன்பே வந்திருந்தார். இது பழைய விரிசல், பெயின்ட் உதிர்ந்ததால் தெரிகிறது, எங்கள் பொறுப்பில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். தனலட்சுமி அம்மாவுக்குத் தை மாதம் அதே ஹாலில் மகனுடைய நிச்சயதார்த்தம். சுவரைச் சரிசெய்யாவிட்டால் அந்த அறையில் யாரையும் உட்காரவைக்கப் பயம். அவர் என்னைப் பார்த்ததும் தெம்பானார்.

"இதோ, படம் புட்ச்ச அம்மாவே வந்துட்டாங்க. அத்த காட்டும்மா. அதுல செவுரு கண்ணாடி மாதிரி கீது."

37-ஐ எடுத்துக் கொடுத்தேன். சுவர் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. பிரபு அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு, இந்தச் சுவருக்கு வேறு ஷாட் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். தேடிச் சொல்கிறேன் என்றேன்.

அலுவலகம் வந்ததும் 38-ஐத் திறந்து பெரிதாக்கினேன். ஜன்னல் மூலையில் ஒரு மயிரிழை. தெருக்கதவின் வெளிச்சம் பக்கவாட்டில் சுவரை உரசிப் போனதால் அதன் நிழல் விழுந்திருந்தது. 37-ல் ஃபிளாஷ் நேர் எதிரே அடித்ததால் நிழலே இல்லை. அதனால் விரிசலும் இல்லை. நான் எழுதிக் கையெழுத்து வாங்கிய வாக்கியம் பொய்.

சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆல்பத்துல இருக்கறது 37 தான் மேடம். இதை வெளியில யாரும் பார்க்கல. அந்தம்மாவுக்கும் 37 இருந்தா நல்லதுதான்."

"தேடிச் சொல்றேன்னு பிரபு கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன் சார்."

"அப்ப சொல்லித்தான் ஆகணும்" என்றார்.

5. இரண்டு படங்கள்

மறுநாள் பிரபுவுக்கு முன் தனலட்சுமி அம்மாவிடம் போனேன். 38-ஐப் பிரின்ட் போட்டு எடுத்துப் போயிருந்தேன். நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தை அவர் ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அன்று உட்காரச் சொல்லவில்லை. மோரும் இல்லை.

"இத்த காட்னா அவன் கைய வுட்டுடுவான். தெரிஞ்சிதான் செய்றியா?"

"தெரிஞ்சுதாம்மா. நான் எழுதினது தப்பு. அதைத் திருத்தாம விட முடியாது."

"உன்ன நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

பதினொரு மணிக்குப் பிரபு வந்தார். இரண்டு படங்களையும் லேப்டாப்பில் அருகருகே திறந்து, 37-ல் "விரிசல் இல்லை" என்று எழுதியது என் தவறு என்று சொன்னேன். தனலட்சுமி அம்மா சமையலறை வாசலில் நின்றார். பிரபு 37-ன் வெள்ளைக் கிளேரைச் சுட்டிக்காட்டினார்.

"இது ஃபிளாஷ் படம்னு நேத்தே பார்த்துட்டேன் மேடம். ஃபிளாஷ்ல மெல்லிசு விரிசல் தெரியாது. உங்க ஆல்பத்தையே ஏத்துக்க முடியாதுன்னு லெட்டர் டைப் பண்ணி எடுத்துட்டு வந்திருக்கேன்."

பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு 38-ஐப் பெரிதாக்கினார். புள்ளிகள் நிறைய. ஆனால் ஸ்கேலில் ஃபோகஸ் வைத்திருந்ததால் கோடுகள் துல்லியமாக இருந்தன. இருவரும் சேர்ந்து அளந்தோம். நீளம் இருபத்திரண்டு சென்டிமீட்டர். அகலம் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பிறகு சுவரில் அளந்தோம். நீளம் ஒன்றே முக்கால் மீட்டர். அகலம் இரண்டு மில்லிமீட்டர். வெளிப்பக்கமும் போய்ப் பார்த்தோம், அங்கேயும் வந்திருந்தது.

பிரபு ஸ்கேலைக் கையில் எடுத்தார்.

"பழசுதான். ஆனா இவ்வளவுதான் பழசு" என்று ஸ்கேலில் விரல் வைத்துக் காட்டினார். "மீதி நாங்க பண்ணினது."

கொண்டுவந்த கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். விரிசலைக் கம்பி வைத்துத் தைத்து, இரு பக்கமும் பூசி, பெயின்ட் அடித்துத் தருவதாகவும், சுவர் மேலும் நகர்கிறதா என்று பார்க்க ஒரு கேஜ் பொருத்துவதாகவும் அங்கேயே எழுதிக் கொடுத்தார். தனலட்சுமி அம்மா அதை மகனிடம் கொடுத்து இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு காகிதத்தை வாங்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் உள்ளே போனார்.

6. டிசம்பர் 10

வேலை முடிந்த சுவரைப் பதிவு செய்யச் செவ்வாய்க்கிழமை போனேன். இம்முறை ஆட்டோ இல்லை. டிரைபாட் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், ஒரு டார்ச்சைச் சுவரோடு சேர்த்துப் பக்கவாட்டில் பிடித்து ஒவ்வொரு அடியாக எடுத்தேன். பூச்சு சுத்தமாக இருந்தது. கேஜ் நகரவில்லை. முடிக்கும்போது மோர் வந்தது. கூடவே தனலட்சுமி அம்மாவும் வந்தார், அதே பட்டுப்புடவையில்.

"இப்பவாவது என்னையும் சேத்து எடுப்பியா?"

சுவரின் முன் நிறுத்தி, டார்ச்சைக் கையில் எடுத்தேன். அவர் தடுத்தார்.

"செவுத்துக்குத்தான் அத்தெல்லாம். எனக்கு அந்த ஃபிளாஷையே போடு. கோடெல்லாம் மறையட்டும்."

ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நன்றாகச் சிரித்திருக்கிறார். நிச்சயதார்த்தத்துக்கு வரச் சொன்னார். போக வேண்டும்.

எனவே புதிதாக வருகிறவர்களுக்கு என் பதில்: இந்தக் கேமரா போதும். அதன் குறைகளில் பெரும்பாலானவற்றை டிரைபாடும் ஸ்கேலும் டார்ச்சும் சரிக்கட்டிவிடும். 38-ஐ எடுத்ததும் இதே கேமராதான். இரண்டு படத்தில் பார்க்க நன்றாக இருந்ததைத் தேர்ந்தெடுத்தது நான். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும் முன் எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பாருங்கள், ஒதுக்கியதை முதலில்.

மறுநாள், டிசம்பர் 11, ஐந்து பத்துக்கு எழுந்தேன். மோட்டார் போடும் முன்பே கேமராவை எடுத்து, ஃபிளாஷ் இனித் தானாக எழாதபடி அதன் மூடியின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன்.