தாணுமாலையனின் ரசமட்டம்

திருவனந்தபுரம் கோட்டைக்குள் எங்கள் தெருவில், ஒரு குழாய்க்கு வாஷர் மாற்ற ஆள் பிடிப்பதற்குள் ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்துவிடலாம். பெரிய பிளம்பர்கள், "சின்ன பணிக்கெல்லாம் வராது மாமி" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். கை பழகியவர்களில் பாதிப் பேர் கல்ஃபுக்குப் போயாச்சு. மிச்சம் இருந்தவன் தாணுமாலையன் ஒருத்தன்தான். அவனை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சுசீந்திரம் பக்கத்துக்காரன். ஆரியசாலையில் ஒரு மொத்தக்கடைக்குப் பின்னால் குடியிருந்தான். குழாய், ஓடு, கிணற்றுக் கப்பி, தென்னைக்கு ஓலை வெட்டுவது, கொல்லையில் புல் செதுக்குவது, எல்லாம் செய்வான். குடிக்க மாட்டான், ஒரு சொல் மரியாதைக் குறைவாகப் பேச மாட்டான். 'முடியாது' என்கிற வார்த்தையும் அவன் வாயில் வராது. அதுதான் வினை. யார் எதைக் கேட்டாலும் "செஞ்சிரலாம் மாமி" என்பான். சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு சாமானை எடுத்து அந்த வீட்டிலேயே வைத்துவிடுவான். "இது இங்க கிடக்கட்டும். இதை விட்டுட்டு நான் எங்க போவேன்?"

ஊருக்கு வந்த புதிதில் எவனோ ஒரு வீட்டுக்காரன், "பாதி வேலையில நீ பாண்டிக்கு ஓடிப்போனா உன்னை எங்கே தேடறது?" என்று கேட்டானாம். தமிழ்நாட்டைத்தான் இங்கே பாண்டி என்பார்கள். அன்றிலிருந்து யாரும் கேட்காமலே அவன் அடமானம் வைக்க ஆரம்பித்துவிட்டான். இதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னான்.

தொண்ணூற்றெட்டில் என் வீட்டுக்காரர் பிச்சுமணி குளிமுறியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஏ.ஜி. ஆபீஸில் கடைசி நாள்வரை தன் டிபன் பாத்திரத்தைத் தானே கழுவி வந்த மனிதர். ஆஸ்பத்திரியில் உடம்பு துடைத்துவிட ஆள் வந்தால் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "விஜயம், குளிமுறியில ஒரு பிடி மட்டும் வெச்சுடு. நானே குளிச்சுப்பேன். இன்னொருத்தர் கையால குளிச்சுண்டு கிடக்கணும்னா, நேக்கு ஆத்துக்கு வரவே வேண்டாம்." அவர் கண் கலங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சாலைக் கடைத்தெருவில் அன்றைக்கே ஸ்டீல் கம்பி வாங்கிவிட்டேன். தாணுவும் வந்தான். சுவரைத் தட்டிப் பார்த்தான். மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைக் குளிமுறி மாடத்தில் வைத்துவிட்டு, "நாளைக்கு வாறேன்" என்று போனான். நாளை வந்தது; அவன் வரவில்லை. மறுநாளும் இல்லை. கடையில் சொல்லி அனுப்பினால் "சரி" என்று தலையாட்டுகிறானாம். தலை மட்டும் ஆடி என்ன பிரயோஜனம்?

சனிக்கிழமை அவரை அனுப்புகிறோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் நானே ஆரியசாலைக்குப் போய், அவனைக் கையோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வீட்டில் வந்து பையை உதறினான். ஒரு துண்டும் வெற்றிலைப் பொட்டலமும் விழுந்தன.

"தாணு, சாமானெல்லாம் எங்கே?"

"ட்ரில் சாவித்ரி மாமி வீட்டுல கிடக்கு."

"போய் எடுத்துண்டு வரதுதானே?"

"தரமாட்டாங்க மாமி. அங்க ஓடு மாத்தி முடிக்கணுமாம். ஓடு மாத்த சுத்தியல் வேணும், அது வக்கீல் வீட்டுல. வக்கீல் வீட்டுல சுவரு பூசக் கரண்டி வேணும், அது மேலத்தெருவுல."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஓடிப்போகாமல் இருக்கட்டும் என்று ஆளுக்கொரு சாமானைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவனை ஒரு வீட்டிலும் வேலை செய்யவிடாமல் பண்ணியிருக்கிறோம். நல்ல தெரு!

நாலு வீடு தள்ளியிருக்கிற சாவித்ரி வீட்டுக்கு ஓடினேன்.

"விஜயம், நீ கேட்டா உயிரைக்கூடத் தருவேன். ட்ரில்லை மட்டும் கேக்காதே. இடவப்பாதி மழை வரப்போறது, பூஜை முறி ஒழுகறது" என்றாள்.

"பதிலுக்கு ரசமட்டத்தைத் தரேன்."

"அது எதுக்கு? அது இல்லாமலும் அவன் ஜீவிச்சுப்பான்."

எனக்கு வந்த கோபத்தில் வீட்டுக்குத் திரும்பி, மிக்ஸியைப் பிடுங்கி, தெருவே பார்க்க இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய் அவள் ஊஞ்சலில் வைத்தேன். "ட்ரில் திரும்பி வர வரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும்." மகராசி, மூடி இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் ட்ரில்லை எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டு வாசலை மிதித்தேன், கரண்ட் போச்சு. அந்த வருஷமெல்லாம் சாயங்காலம் அரை மணி கட்.

"சாயா குடிச்சிட்டு வந்திருதேன் மாமி."

"அடி செருப்பாலே! சாயா நான் போடறேன், உக்காரு" என்று கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இருட்டில் சாயாவை உறிஞ்சியபடி, "கோவப்படாதீங்க மாமி. முடியாதுன்னு சொல்லிட்டா பின்ன யாரும் கூப்பிட மாட்டாங்கல்லா?" என்றான். "இப்போ மட்டும் உன்னை வாழ்த்தறாளாக்கும்?" என்று கத்தினேன். அவன் டம்ளரைக் கழுவி வைத்தான்.

கரண்ட் வந்ததும் துளை போட்டு, கம்பியை முடுக்கி, அதில் தன் முழு பாரத்தையும் கொடுத்துத் தொங்கிக் காட்டினான். "சாமி தைரியமா பிடிக்கட்டும்." என் வாய் சும்மா இருந்ததா? கொல்லைத் தென்னையில் காய்ந்த ஓலை தொங்குவதைச் சொல்லிவிட்டேன். "செஞ்சிரலாம்" என்று ரசமட்டத்தை மறுபடி மாடத்திலேயே வைத்தான். ட்ரில்லைச் சாவித்ரியிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காலை மிக்ஸியை வாங்கப் போனேன். "ட்ரில் எங்கே?" என்றாள் சாவித்ரி. வழியில் கோடிவீட்டு மாமா தாணுவைக் கூப்பிட்டுக் கிணற்றுக் கப்பியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அந்தக் கடன்காரன் ட்ரில்லை அங்கே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவர் வந்தார். வாக்கரோடு அடிமேல் அடி வைத்துக் குளிமுறிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நின்றேன். ஒரு சொம்பு ஜலம் விழுந்தது. இன்னொன்று.

"விஜயம், வாசல்ல நிக்காதே. பிடி ஆடாம நன்னா உறைப்பா இருக்கு, போ" என்றார் உள்ளேயிருந்து. கொஞ்சம் கழித்து, "இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி அரையேன். நாக்கு செத்துக் கிடக்கு."

கொல்லையில் கிடந்த அம்மியைத் தேய்த்துக் கழுவி, தேங்காயை வைத்து அரைக்க உட்கார்ந்தேன். தோள் கழன்றது. குழவியை இழுக்க இழுக்க, நீ உருப்படுவாயா தாணு, உருப்படுவாயா என்று திட்டினேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததைத் துடைக்கக் கை ஒழியவில்லை. உள்ளே அவர் யாரையும் கூப்பிடாமல் நிதானமாகக் குளித்துக்கொண்டிருந்தார்.