ஓடக் கூடாத நான்கு வாரங்கள்

என் தங்கை உடலியங்கியலில் ஆராய்ச்சி செய்கிறாள். உட்கார்ந்தே வேலை பார்க்கும் நடுவயதுக்காரர்கள் அவள் ஆய்வுக்கு வேண்டியிருந்தார்கள். நானும் சேர்ந்தேன். முகத்தில் மாஸ்க் மாட்டி, மூச்சு முட்டும்வரை சைக்கிள் மிதிக்கவைத்து, உடம்பு எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்று அளந்தாள். பிறகு ஒரு டாக்டர் தொடை மரத்துப்போக ஊசி போட்டு, அரிசிமணி அளவு சதை எடுத்தார். அதிலிருந்த என்சைம்களை அளப்பதுதான் அவள் வேலை.

அவள் சொன்னபடி எட்டு வாரம் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் ஓடினேன். மறுபடி அளந்தபோது ஆக்சிஜன் கொஞ்சம்தான் கூடியிருந்தது. என்சைம்கள் நன்றாகவே ஏறியிருந்தன.

"ஆக்சிஜனைக் கொண்டுவந்து சேர்க்கிறது பெரும்பாலும் இதயத்தோட வேலை அண்ணா. வந்ததை வச்சு சக்தி உண்டாக்குறதுக்குத்தான் இந்த என்சைம். அதான் இப்போ சீக்கிரம் களைச்சுப் போகாம ஓடுற," என்றாள். "இனி நாலு வாரம் ஓடாதே. எவ்ளோ இறங்குதுன்னு பாக்கணும்."

"இறங்கிடுமா?"

"ஏறின மாதிரியே சீக்கிரம் இறங்கும்."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரும்புலியூர் வீட்டில் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடும். பேப்பரை விரிப்பேன், மடிப்பேன், மாடிக்குப் போவேன், படியேறியது தப்போ என்று இறங்கி வருவேன். ஆபீஸில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. "சார், மேசை ஆடுது," என்றார் பக்கத்து சீட்டுக்காரர். என்சைம் இறங்குவது கையால் தொட்டாலே தெரிந்துவிடும் என்பதுபோலத் தொடையை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன்.

மூன்றாம் வாரம், பால் வாங்கக் கிளம்பியவன் ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்தேன். மறுநாளும் போனேன். அப்புறம் நிறுத்தவேயில்லை.

கடைசி ஊசிக்கு முந்தின நாள் தங்கைக்கு போன் செய்து ஒப்புக்கொண்டேன்.

"எத்தனை நாள் ஓடின?"

"பத்து நாள் இருக்கும்."

"நாளைக்கு வர வேணாம்," என்று வைத்துவிட்டாள். என் அளவுகளை அவள் ஆய்விலிருந்தே எடுத்துவிட்டாள்.

இரண்டு ஞாயிறு கழித்துதான் வீட்டுக்கு வந்தாள். சாப்பிடும்போது, "மத்தவங்க எல்லாருக்கும் இறங்கியிருக்கு," என்றாள். எனக்கும் இறங்கியிருக்குமா என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

கை கழுவிக்கொண்டே சொன்னாள்: "உன் இடத்துக்கு ஒரு ஆள் வேணும். உங்க ஆபீஸ்ல, உட்காருன்னா உட்காருற ஆளா யாராவது இருந்தா சொல்லு."

சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.