பெரியவர் சிலைக்கு வைத்த கை

சின்ன வயதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வாயாடிப் பெண் என்று ஊரே சொல்லும். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டு திரிந்தேன். ஒன்பது வயதில் அந்த வாயால் செய்த ஒரு காரியத்தை இதுவரை என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. சொல்ல வரும்போதெல்லாம் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கொத்தனார். சுவர் வைப்பதும் பூசுவதும்தான் பிழைப்பு. ஒரு தடவை ஆவூர் மாதா கோவிலுக்குப் பூச்சு வேலைக்குப் போனவர், அங்கே ஒரு புனிதர் சுரூபத்தின் பாதத்தில் நரம்பு புடைத்து ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். அதோடு ஆள் மாறிப்போனார். கண்மாயிலிருந்து களிமண் எடுத்துவந்து, தன் காலையே பார்த்துப் பார்த்துக் கால் செய்தார். வீட்டைச் சுற்றி ஒற்றைக் கால்களாகக் காய்ந்து கிடக்கும். நாங்கள் தாண்டித் தாண்டிப் போவோம். அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. எது பிடிபடவில்லையோ, அதை யார் உடம்பிலாவது பார்த்துத் தெரிந்துகொள்வார். கீரனூர்ச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் போய்விட்டு, வாங்கப் போன புளியை மறந்து வந்ததற்காக அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

சமஸ்தானம், ராஜா ஆட்சி எல்லாம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்த பெரிய வீட்டுப் பெரியவர் காலமானார். பள்ளிக்கூட வாசலில் தன் அப்பாவுக்குச் சிலை வைக்க அவர் மகன் ஆசைப்பட்டார். மாமா களிமண்ணில் செய்த தலை ஒன்றை யாரோ அவரிடம் காட்டியிருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி சிமெண்டில் ஒரு சிலை என்று பேச்சானது. நன்றாக அமைந்தால் இன்னும் இரண்டு ஊரில் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். இனித் தம்பி சாரத்தில் ஏறிச் சுவர் பூச வேண்டியதில்லை என்று அம்மா தெருவெல்லாம் சொல்லியாயிற்று.

அவர்கள் கொடுத்தது திருச்சியில் எடுத்த ஒரு பழைய போட்டோ. அதில் பெரியவர் மார்பு வரைதான் இருந்தார். முகம் வந்துவிட்டது. முழங்கால்மேல் வைக்கக் கைகள் இல்லை. கொஞ்ச நேரம் கையைக் காட்டிக்கொண்டு உட்கார முடியுமா என்று பெரியவரின் மகனிடம் மாமா கேட்டிருக்கிறார். கொத்தனாருக்கு முன்னால் கைகட்டி உட்கார அவருக்கு ஏது நேரம்? ஏதாவது ஒரு கையை வையப்பா என்று சொல்லிவிட்டார்.

அந்த ஏதாவது ஒரு கை என் அப்பாவுடையது. அப்பா குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு பாறையில் கல்லுடைத்தார். வேலை விட்டு வந்ததும் கவிழ்த்துப் போட்ட உரலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொள்வார். முதல் நாள் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தார். நரம்பு தெரியாமல் போகும் என்று மாமா துடைத்துவிட்டார்.

“வேற நல்ல கையாப் பாரேன் மாப்ளே.”

“இதவிட நல்ல கை எங்கிட்டு மச்சான் இருக்கு?”

அப்பா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே அந்த நாட்களில்தான். “தேங்கா பழம் வச்சுச் சூடம் காட்டவா?” என்று அம்மா கேலி செய்வாள். அப்பா சிரிப்பார், கையை மட்டும் அசைக்க மாட்டார். உளி பிடிக்கிற இடது கையின் கட்டைவிரலில் சுத்தியல் பட்டு, நகம் இரண்டாகப் பிளந்து அப்படியே வளர்ந்திருந்தது. மாமா அதையும் செய்தார். கண்ணெதிரே இருப்பதை விட்டுவிட்டு வேறொன்றைச் செய்ய அவருக்குத் தெரியாது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலை மகன் சிலையைப் பார்க்க வந்தார். என் அப்பாவும் வேலைக்குப் போகாமல், பீடத்துக் கல்லைச் சரிபார்த்துக்கொண்டு ஓரமாக நின்றார். பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்றோம். மாமா சாக்கை விலக்கினார். மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்பா உக்காந்திருக்க மாதிரியே இருக்குப்பா” என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

அதோடு முடிந்திருக்கும். பெரிய வீட்டுப் பேத்தி என் வகுப்பில்தான் படித்தாள். அவள் என் பக்கம் திரும்பி, “எங்க தாத்தா” என்றாள். தாத்தா இடத்தில்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று தினமும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது.

“மொகந்தான் ஒங்க தாத்தா. கை எங்க அப்பாவோடது. வேணும்னா எடது கட்டவெரலப் பாரு” என்றேன்.

அவள் பார்த்தாள். நேராகப் போய்த் தன் அப்பாவிடம் சொன்னாள். அவர் குனிந்து விரலைப் பார்த்தார். ஓரமாக நின்ற என் அப்பா பக்கம் திரும்பினார்.

“இங்கிட்டு வாப்பா. கையக் காட்டு.”

அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சிலையின் கைக்குப் பக்கத்தில் தன் கையை நீட்டினார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். “சுத்தி பட்டதுங்க. மாப்ள அதையும் விடாம வச்சிருக்காரு” என்று சொல்லிக் கூச்சத்தோடு சிரித்தார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பேத்தி மூக்கைச் சுளித்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்பா அந்தக் கையைச் சீக்கிரம் உள்ளே இழுத்துக்கொண்டால் போதும் என்று இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போயிருந்தது.

“எங்கப்பா ஒருநாளும் சம்மட்டி தூக்குனதில்ல. ரெண்டு கையையும் எடுத்துரு” என்றார் மகன். கோபமாகச் சொல்லவில்லை. வெல்லம் குறைவாக இருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

“அந்த வெரல மட்டும் மாத்திர்றேங்க” என்று மாமா சொன்னதைக் கேட்க அவர் நிற்கவில்லை.

கூட்டம் கலைந்தது. மாமா உளியை மணிக்கட்டில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவரால் அடிக்க முடியவில்லை. அப்பா பக்கத்தில் போனார்.

“குடு மாப்ளே. நீ அடிச்சா முழங்கால்ல விரிசல் விட்டுரும்.”

அப்பாவே உட்கார்ந்து எடுத்தார். முதலில் வலது கை, பிறகு இடது கை. உள்ளே இருந்த கம்பி மட்டும் நின்றது. முழங்காலில் ஒரு கீறல் விழவில்லை. வகுப்பு ஜன்னல் வழியாக நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பித்தேன். மாமா அன்று சாயங்காலமே வெண்டைக்காய் மாதிரி மழமழவென்று விரல்கள் பிடித்து வைத்தார். மகனுக்கு ரொம்பத் திருப்தி. சொன்ன சொல் தவறாமல் அந்த இரண்டு ஊருக்கும் சொல்லிவிட்டார். மாமாதான் போகவில்லை. சாரத்தில் ஏறிவிட்டார். வீட்டைச் சுற்றிக் கிடந்த கால்கள் மழையில் கரைந்தன. புதிதாக எதுவும் வரவில்லை.

என்னை யாரும் அடிக்கவில்லை. அம்மா ரெண்டு நாள் பேசவில்லை, அவ்வளவுதான். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நிம்மதியாக இருந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது அதிக வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு பாறைக்குச் சோறு கொண்டுபோனால், அதுவரை மற்றவர்களோடு கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கும் அப்பா, என்னைக் கண்டதும் துண்டை மடியில் இழுத்துப்போட்டுக் கைகளை உள்ளே வைத்துக்கொள்வார். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு நான் திரும்பி நடந்த பிறகுதான் சாப்பிட உட்காருவார். பெரிய வீட்டாருக்குப் பயந்துபோய்விட்டார் என்று நினைத்தேன். அந்தப் பாறையில் பெரிய வீட்டார் யாரும் ஒருநாளும் இருந்ததில்லை, நான் ஒருத்திதான் நின்றேன் என்பது உறைக்க எனக்குப் பல வருஷம் ஆனது.