கஞ்சிப் புடவையும் ஏழு கிலோ கைப்பெட்டியும்: கொல்கத்தாவுக்கு ஒரு நேர்காணல் பயணம்

போன ஆகஸ்டில் மூன்று நாள் கொல்கத்தா போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல, ஒரு நேர்காணலுக்கு. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தரவுச் சரிபார்ப்பு வேலை. நேர்காணலுக்கு மட்டும் நேரில் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் வேலையை விட்டு ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன. நாற்பத்தாறு வயதில் இன்னொரு அழைப்பு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் பயணத்தின் ஒவ்வொரு விஷயத்தையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன், முக்கியமாக உடையை.

பெட்டியை விமானத்தின் அடியில் போடுவதில்லை என்பது என் முதல் முடிவு. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது என் பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டு, தாலி கட்டி முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. இந்த முறை எல்லாமே ஏழு கிலோ கைப்பெட்டிக்குள்தான். மாற்றுப் புடவை வைக்கவில்லை. மடிக்கணினியும் சான்றிதழ்களும் மட்டுமே மூன்றரை கிலோ.

எடுத்துக்கொண்டது கருநீலக் கைத்தறிப் பருத்திப் புடவை, மெல்லிய மஞ்சள் கரை. பழைய அலுவலகத்துக்கு இந்த மாதிரிப் புடவைகளைத்தான் கட்டிக்கொண்டு போவேன். கஞ்சி போட்டு, தேய்த்து, பலகை மாதிரி வைத்திருந்தேன். கஞ்சிப் புடவையைச் சுருட்டக் கூடாது. கடையில் மடிப்பதுபோல எட்டாக மடித்தாலும் ஒவ்வொரு மடிப்பும் கோடாக விழும். நான் பெட்டியின் அகலத்துக்கு மூன்றே மடிப்பு போட்டு, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்தேன். அப்போது துணி உடையாமல் வளைந்து நிற்கும். ரவிக்கையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, உள்பாவாடைக்கு நடுவில் தட்டையாக வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே புடவை. அதற்கு மேல் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை காலை 10:50க்கு சென்னையில் விமானம். டிக்கெட் 5,480 ரூபாய். பெட்டியை இருக்கைக்கு மேலே சாமான் வைக்கும் மேல் அறையில் படுக்க வைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். கடைசியாக ஏறிய ஒருவர் அதைத் தூக்கி நிமிர்த்தி, பக்கத்தில் தன் பையைச் சொருகினார். எனக்கு இரண்டு இருக்கை தள்ளி நின்றிருந்தார். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்படிச் சொல்லாமல் விட்டவை என் கணக்கில் நிறைய உண்டு.

மதியம் ஒன்று பத்துக்கு இறங்கினோம். அங்கிருந்து நான் தங்கவிருந்த லேக் கார்டன்ஸ் பகுதி சுமார் இருபத்து நான்கு கிலோமீட்டர். செயலியில் கார் பதிவு செய்தேன், 640 ரூபாய். பெட்டியை மடியில் தட்டையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து ஓட்டுநர் இந்தியில் கேட்டார்.

"உள்ளே கேக்கா, தீதி?"

"இல்லை, புடவை."

"புடவைக்கா இவ்வளவு மரியாதை?" என்றார். ஆனால் அதன்பிறகு வேகத்தடைகளில் மெதுவாகத்தான் ஏறி இறங்கினார். பைபாஸில் மழை பிடித்துக்கொண்டது. கரியாஹாட் நெரிசலில் இருபது நிமிடம் நின்றோம். வீடு சேரும்போது மணி மூன்று.

தங்கியது என் பெரியம்மா மகள் ராஜி அக்கா வீட்டில். வங்கி வேலை, அங்கேயே இருபது வருடங்களாக இருக்கிறாள். அவள் மகள் மீனு பதினோராம் வகுப்பு. தமிழ் பேசுவாள், ஆனால் வியப்பும் கோபமும் வங்காளத்தில்தான் வரும். பெட்டியைத் திறந்து புடவையை நாற்காலி முதுகில் விரித்தேன். முந்தானைக்கு அருகில் ஒரே ஒரு கோடு. மேல் அறையில் பெட்டி நிமிர்ந்து நின்றதன் பலன். மற்றபடி சுருக்கமே இல்லை. அங்கேயே விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்திருக்கும்.

மறுநாள் மதியம் 2:30க்கு நேர்காணல். காலை எட்டு மணிக்கு அந்த ஒற்றைக் கோடு என்னை உறுத்த ஆரம்பித்தது. அக்கா வீட்டு இஸ்திரிப் பெட்டி போன வாரம்தான் பழுதாகியிருந்தது. பயணக் குறிப்புகள் எல்லாவற்றிலும் படித்திருந்தேன்: குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு உடையைத் தொங்கவிடுங்கள், ஆவியில் சுருக்கம் தானாக விலகும். அப்படியே செய்தேன். பதினைந்து நிமிடம் கதவைச் சாத்தி வைத்தேன்.

திறந்தபோது கோடு போயிருந்தது. புடவையும் போயிருந்தது. ஆகஸ்ட் மாதக் கொல்கத்தாக் காற்றில் ஏற்கெனவே பாதி ஈரம். அதோடு ஆவியும் சேர, கஞ்சி இளகி, பாதிப் புடவை வெந்த கீரை மாதிரி தொங்கியது. மீதி திட்டுத் திட்டாக விறைத்து நின்றது.

"ஏ மா!" என்றாள் மீனு. "சித்தி, என்ன பண்ணே? மழைல நனைஞ்ச காலண்டர் மாதிரி இருக்கு."

"பேசாம என் புடவை ஒண்ணு கட்டிக்கோ வசு," என்றாள் அக்கா.

"எதைக் கட்டறது? உன்கிட்ட இருக்கறது எல்லாமே கல்யாணப் பட்டு."

"அதுவும் சரிதான். கட்டிண்டு போனா, பையனுக்கு ஜாதகம் கொண்டு வந்திருக்கீங்களான்னு கேப்பா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அழுதது புடவைக்காக அல்ல என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்தது. அக்கா அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் குடையை எடுத்தாள்.

தெருமுனையில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு மேசை, கரி இஸ்திரிப் பெட்டி, சட்டைக் குவியல். தேய்ப்பவர் பீகார்க்காரர். அக்கா அவரை ஜாதவ் பாய் என்று அழைத்தாள். அவருடைய வேகமான இந்தி எனக்குப் பிடிபடாததால் அக்கா உடனுக்குடன் தமிழில் சொன்னாள். அவர் புடவையை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"கஞ்சி போட்டதை யாராவது வெந்நீர் ரூம்ல தொங்க விடுவாங்களா?"

"இணையத்துல அப்படித்தான் எழுதியிருந்தாங்க," என்றேன்.

"எழுதினவங்க பேன்ட் போடறவங்களா இருக்கும்."

அக்கா மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். நானும்தான், அன்று முதல் தடவையாக.

இப்படியே தேய்த்தால் திட்டுகள் பழுப்பாகக் கருகும் என்றார். கஞ்சி முழுதும் போக அலசுங்கள், மிஷினில் பிழியுங்கள், அரை ஈரத்தோடு கொண்டு வாருங்கள், காய்ந்துபோய் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றார். கஞ்சி இல்லாமல் நேர்காணலுக்கா என்று இழுத்தேன்.

"போறது பேசறதுக்கா, நிக்கறதுக்கா?" என்றார் ஜாதவ் பாய்.

ஒன்பதரைக்கு அலசினேன். பிழிந்ததும் மீனு ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்து, கூடத்து மின்விசிறிக்குக் கீழே இழுத்து இழுத்து உதறினோம். அவள் ஒவ்வொரு இழுப்பிலும் என்னைக் கவிழ்க்கப் பார்த்தாள். பத்தே முக்காலுக்குத் திரும்பவும் தெருமுனை. வரிசையில் இருந்த பள்ளிச் சீருடைகளை ஒதுக்கிவிட்டு இருபத்தைந்து நிமிடம் தேய்த்தார். முப்பது ரூபாய். புடவையை என் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். குடை புடவைக்கு. நானும் அக்காவும் நனைந்தோம்.

நேர்காணல் பெஹாலாவில். ஆறு கிலோமீட்டர், 190 ரூபாய், நாற்பது நிமிடம். இரண்டு மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். அழைத்தது நான்கு பத்துக்கு. இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலி. கஞ்சிப் புடவையாக இருந்திருந்தால் மடியில் குறுக்கும் நெடுக்கும் கோடு விழுந்திருக்கும். நான் மடிப்பைத் தடவித் தடவியே பாதி தைரியத்தை இழந்திருப்பேன். இது வெறுமனே என்னோடு உட்கார்ந்திருந்தது. எழுந்து ஒருமுறை கொசுவத்தை உதறினேன், அவ்வளவுதான்.

உள்ளே மூன்று பேர். வீடு வீடாக எடுத்த விவரங்கள் கொண்ட ஓர் அட்டவணையைக் கொடுத்துப் பிழை தேடச் சொன்னார்கள். ஒரு வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் ஏழு வயதே வித்தியாசம். அதை முதலில் காட்டினேன், பிறகு இன்னும் நான்கை. கண்ணாடி போட்ட பெண்மணி, நடுவில் ஒன்பது வருடம் ஏன் என்று கேட்டார். மாமனார் படுக்கையில் இருந்தது, மகனின் பள்ளி என்று இரண்டு காரணங்களைத் தயார் செய்திருந்தேன். இரண்டும் உண்மைதான். சொல்லி முடித்த பிறகு, "அவை முடிந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. அதன்பிறகு பயம்தான் காரணம்," என்றும் சொன்னேன். இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பெண்மணி தலையசைத்து ஏதோ எழுதிக்கொண்டார். ஐந்து மணிக்கு வெளியே வந்தபோது முடிவு எதுவானாலும் பரவாயில்லை என்று தோன்றியது என்று எழுத ஆசை. உண்மையில் அப்படித் தோன்றவில்லை. ஆனால் மூச்சு சீராக இருந்தது.

இதே மாதிரிப் பயணத்துக்குத் திட்டமிடுபவர்களுக்குச் சில வார்த்தைகள். மழைக்காலத்தில் கொல்கத்தா போவதானால் கஞ்சி வேண்டாம். அலசித் தேய்த்த மெல்லிய பருத்தி போதும். அதைச் சுருட்டியே எடுத்துப் போகலாம், துண்டு வைத்து மடிக்கும் சிரமமும் இல்லை. கஞ்சிதான் வேண்டுமென்றால் மூன்று மடிப்பு முறை நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் ஆவிப் பக்கம் போகாதீர்கள். ஆவி வைத்தியம் கம்பளிக் கோட்டுக்கும் பேன்ட்டுக்கும் சரிப்படலாம். நேர்காணலுக்கு முந்தைய நாளே போய்விடுங்கள். தங்கும் தெருவில் இஸ்திரி மேசை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேல் அறையில் உங்கள் பெட்டியை யாராவது நிமிர்த்தினால், தயவுசெய்து எழுந்து போய்ச் சொல்லிவிடுங்கள்.

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புதன்கிழமை விமான நிலையத்தில், வாசல் திறக்க இன்னும் நாற்பது நிமிடம் இருந்தபோது, கைபேசி அடித்தது. அதே பெண்மணி. எப்போது சேர முடியும் என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். ஒன்றாம் தேதி என்றேன், நன்றி என்றேன், இன்னொரு முறை நன்றி என்றேன். பேசி முடித்துத் திரும்பினால் எனக்குப் பின்னால் எட்டுப் பேர் பெட்டிகளோடு நின்றிருந்தார்கள்.

"சென்னை ஃபிளைட்டுக்கு இதுதானேம்மா வரிசை?" என்றார் முதலில் நின்றவர்.

எனக்கு உட்கார மனம் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.