மேசைமேல் விரித்த முசல்லா

அந்த வருடங்களில் என் வேலை நிற்பதுதான். ஷார்ஜாவில் ஓர் அருங்காட்சியகத்தின் உள்ளறையில், காவலாளிச் சீருடையில், காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் எங்கிருந்தோ வந்து, "பாய், சீதா கடா ரஹோ" என்று நேராக நிற்கச் சொல்வான். முவைலாப் பகுதியில் இருந்த ரூமுக்குத் திரும்பிக் காலுறையைக் கழற்றும்போது கெண்டைக்காலில் அதன் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருக்கும்.

ஒரு குளிர்காலத்தில் அங்கே புதிதாக ஒரு கண்காட்சி வைத்தார்கள். சில நூற்றாண்டுகளுக்கு முன் துருக்கியரும் ஐரோப்பியரும் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொண்ட பொருள்கள். என் பொறுப்பில் இருந்த அறையில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, துருக்கியில் நெய்த பழைய சிவப்புக் கம்பளம், கண்ணாடிப் பெட்டிக்குள். இன்னொன்று, அதன் பக்கத்துச் சுவரில் ஹாலந்து நாட்டு ஓவியம். அதிலும் அதே மாதிரிக் கம்பளம். ஒரு வீட்டு மேசைமேல் விரித்திருக்கும். அதன்மேல் கண்ணாடிக் கிண்ணம், பாதி உரித்த எலுமிச்சை, ஒரு பெண்ணின் முழங்கை. தினமும் பார்த்தேன், எதுவும் தோன்றவில்லை. நிற்கிற களைப்பில் கண்கள் பார்க்கும், மனசு பார்க்காது.

ஒரு நாள் மதியத்துக்குப் பிறகு கைத்தடியோடு ஒரு சிரியாக்காரப் பெரியவர் வந்தார். பெட்டியைப் பார்த்தார், ஓவியத்தைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னிடம் அரபியில் சத்தம் போட ஆரம்பித்தார். கம்பளத்தின் நடுவில் இருந்த வளைவைத் தடியால் காட்டினார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. பள்ளிவாசலின் மிஹ்ராப் வளைவு அது. அது வெறும் கம்பளம் இல்லை, தொழுகைக்கு விரிக்கும் முசல்லா. தொழும்போது நெற்றி படும் இடத்தில்தான் ஓவியத்தில் கிண்ணம் இருந்தது.

சத்தம் கேட்டுக் கண்காட்சிப் பொறுப்பாளர் வந்தாள். ஐரோப்பியப் பெண், ஐம்பது வயதிருக்கும். அவளுக்கு அரபி குறைவு, பெரியவருக்கு இங்கிலீஷ் குறைவு. நடுவில் நான், இரண்டும் அரைகுறை.

"அவமதிக்கணும்னு செய்யலை. அது அவ்வளவு விலை உயர்ந்த பொருள். தரையில போட்டு மிதிக்க மனசில்லாமத்தான் மேசைமேல வச்சாங்க. அவங்க ஊர்ல அது மரியாதை. சொல்லுங்க அவர்கிட்ட" என்றாள்.

சொன்னேன். பெரியவர் தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டார். பிறகு கேட்டார்: "விற்றவன் சொல்லியிருக்க வேண்டாமா?"

அதை அவளிடம் சொன்னேன். "சொல்லியிருக்கலாம். நமக்குத் தெரியாது" என்றாள்.

பெரியவருக்கு மூச்சு வாங்கியது. அவளே ஆபீஸிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவர் உட்கார்ந்ததும், பாவாடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இருவரும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னால் மட்டும் உட்கார முடியாது. அஸர் தொழுகைக்கு நேரமானதும் அவர் எழுந்து, அவளுக்கு ஒரு தலையசைப்பு, எனக்கு ஒரு ஸலாம் என்று போய்விட்டார்.

அடுத்த வாரம் என் ரூம்மேட் லீவு முடிந்து வந்தான். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன், எங்கள் செக்யூரிட்டி கம்பெனியிலேயே வேறொரு கட்டடத்தில் டூட்டி. குளித்துவிட்டு வந்து போட்டோக் கவரை என் மடியில் போட்டான்.

"புது வீட்டுக்குப் பால் காய்ச்சுனோம் பாய். பாருங்க."

மூன்றாவது படமோ நாலாவது படமோ, டிவி மேசையில் ஊதா நிறத்தில் வெல்வெட் விரிப்பு. அதில் பள்ளிவாசல் மினாரா, வளைவு, ஓரத்தில் குஞ்சம். அதன் ஓரத்தில் பிளாஸ்டிக் பூச்சாடி, வளைவுக்கு நடுவில் எவர்சில்வர் டம்ளர். பெரியவரின் கோபம் எனக்கும் கொஞ்சம் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"இது எங்க வாங்குன தம்பி?"

"ரோலா கடைத்தெருவுலதான் பாய். வந்தவங்க எல்லாம் அதத்தான் தடவித் தடவிப் பாத்தாங்க."

"இது முசல்லா. தொழுகைக்கு விரிக்கிறது."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "ஐயையோ. நீங்க விரிக்கிறது சாதாப் பச்சையால்ல இருக்கு? எனக்குத் தெரியாது பாய், சத்தியமா."

உடனே போன் போட்டான். அவன் மனைவியின் குரல் எனக்கே கேட்டது. "கீழ போட்டா கால் படும்னுதானேங்க மேசை மேல போட்டேன்? இப்ப என்ன செய்யச் சொல்றீக? பள்ளிவாசல்ல குடுத்துரவா?"

அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தேன். யார் யாருக்கெல்லாமோ விளக்கம் சொல்லி அலுத்துப் போயிருந்தது.

"குடுக்க வேணாம், அங்கயே கிடக்கட்டும். டம்ளரை மட்டும் எடுக்கச் சொல்லு."

அவன் அப்படியே சொன்னான். போனை வைத்த பிறகும் என் கட்டில் பக்கமே நின்றான். "கோவமா பாய்?"

"கோவப்பட எங்கடா தெம்பு? லைட்ட அணை."

கண்காட்சி முடிந்ததும் எல்லாவற்றையும் மரப்பெட்டிகளில் அடைத்து லாரியில் ஏற்றினார்கள். அந்தப் பெண்ணும் ஊருக்குப் போய்விட்டாள். எனக்கு வேறு இடம் எது என்று யாரும் சொல்லவில்லை. ரொம்ப நாள் காலையில் போய், அந்த அறையில், ஆணி மட்டும் இருக்கிற சுவருக்குக் காவல் நின்றேன். சூப்பர்வைசர் மட்டும் வழக்கம்போல வந்து, சாயக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போவான்.